லயத்துக்கு ஒரு விலாசம்

வருட ஆரம்பத்திலே எங்கள் கல்லூரியிற் புதிதாகச் சேரும் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தல் வேண்டும். அதில் நான்காவது வினா "நிரந்தர விலாசம்" என்பது. பெயரையும் பிறந்த திகதியையும் முத்துக் கோத்தாற்போல எழுதிவிடுகின்ற பிள்ளைகள் இவ்விடத்துக்கு வந்ததும் பேனையை நிறுத்திவிட்டுத் தகப்பனாரின் முகத்தைப் பார்ப்பார்கள். "தோட்டத்துப் பேரை எழுதும்மா. பொறகு டிவிசன் பேரு. அதுக்குக் கீழே அட்டன்னு போட்டுடு" என்பார் அவர். அவ்வளவே. வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை. ஒரு வருடம் ஒரே வகுப்பில் பதினொரு பிள்ளைகள் எழுதியிருந்த விலாசம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்ததைக் கண்டேன்.

இதிலென்ன பெரிய குறை என்று நினைப்பவர்களுக்காக ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த மாணவி ஒருத்தி உயர்தரப் பரீட்சையில் நன்றாகச் சித்தியெய்திப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்துக்காகக் காத்திருந்தாள். அவளுடன் படித்தவர்களுக்கெல்லாம் கடிதம் வந்துவிட்டது; அவளுக்கு மட்டும் வரவில்லை. வேறொரு காரியமாகத் தோட்டத்துக் காரியாலயத்துக்குச் சென்ற தகப்பனாரிடம், "ஒங்க லயத்துலே இந்தப் பேர்லே யாரும் இருக்காங்களா?" என்று கேட்டு நீண்ட உறையொன்றை நீட்டினாராம் அங்கிருந்த எழுதுவினைஞர். உறை வந்து பதினெட்டு நாட்களாகியிருந்தன. பதிவு செய்வதற்குரிய கடைசித் திகதி கடந்து மூன்று நாட்கள். எழுதுவினைஞரைக் குறைகூறுவதற்கில்லை. அதே பெயரும் அதே முதலெழுத்தும் உடைய பெண்கள் அத்தோட்டத்தில் மூவர் இருந்தனர். எந்த டிவிசன், எந்த லயம், எந்தக் காம்பரா என்பதற்கு உறையின்மேல் யாதோர் அடையாளமும் இல்லை. அலைந்து, மன்றாடி, ஈற்றில் அவளுக்கு இடம் கிடைத்தது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த மூன்று வாரமும் அக்குடும்பம் பட்ட பாட்டை அருகிலிருந்து பார்த்த எனக்கு, விலாசம் என்பது தபாற்காரருக்கு மட்டும் வேண்டிய பொருளன்று என்பது விளங்கிற்று. இன்னார் இவ்விடத்தில் வாழ்கின்றார், இவ்விடம் அவருடையது என்று அரசாங்கம் ஏற்றுக்கொண்டதற்கு அதுவே அத்தாட்சி. மலைநாட்டில் லயங்களை அகற்றிப் புதிய கிராமங்களை அமைக்கும் முயற்சி நடைபெறும் இக்காலத்தில், சுவரையும் கூரையையும் பற்றிப் பேசுகின்ற நாம் இந்த அத்தாட்சியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நுவரெலியாவுக்கு உல்லாசப் பிரயாணம் வருகின்ற குடும்பத்தினர், அட்டனைக் கடந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாகப் புகைவண்டி ஏறும்போது சன்னலோரம் நின்று லயங்களைப் பார்த்திருப்பார்கள். பசுமையான சரிவிலே நீண்ட தகரக் கூரை. அதிலிருந்து எழும்பும் மெல்லிய புகை. முற்றத்திலே காயும் பல வர்ணச் சேலைகள். தூரத்திலிருந்து பார்ப்பதற்கு அழகுதான். கிட்டச் சென்றால், அந்த ஒரு கூரையின் கீழ் பத்து, பன்னிரண்டு காம்பராக்கள். இரட்டை லயமாயின் முதுகோடு முதுகு ஒட்டிய இருபது, இருபத்துநான்கு. காம்பரா ஒவ்வொன்றும் ஏறக்குறைய பத்தடி அகலம், பன்னிரண்டடி நீளம். முன்னாலே ஓர் இஸ்தோப்பு. அதை மறித்து அடுப்பு வைத்திருப்பார்கள். தாத்தாவும் பாட்டியும், கணவனும் மனைவியும், பிள்ளைகளும், மணமான மூத்த மகனும் அவன் மனைவியும் அந்த 120 சதுர அடிக்குள்ளேதான் உறங்கி விழிக்கவேண்டும். பரீட்சைக் காலத்திற் பிள்ளை எங்கே அமர்ந்து படிக்கிறது என்று கேட்டால், "எல்லாரும் படுத்த பொறகு, சேர்" என்பதே விடை. எல்லாரும் படுத்தபின் கால் நீட்ட இடமிருக்காது என்பதை அப்பிள்ளை சொல்வதில்லை.

இந்த லயம் என்னும் அமைப்பு கோப்பிக் காலத்தின் சொத்து. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்து, பருவம் முடிந்ததும் திரும்பிச் செல்வோர் தங்குவதற்கென அமைந்தது. கோப்பி அழிந்து தேயிலை வந்தது, தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது, வந்தவர்கள் நிலைத்துவிட்டார்கள். தங்குமிடம் மட்டும் தங்குமிடமாகவே இருந்துவிட்டது. முதற்றொகுதியினர் வந்ததாகக் கொள்ளப்படும் 1823 ஆம் ஆண்டிலிருந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்து சென்றார்கள். இருநூறு ஆண்டு கழிந்தும் எத்தனையோ குடும்பங்களுக்கு அந்தத் "தற்காலிக" காம்பராவே நிரந்தர விலாசம்.

அக்காம்பராவிலே குடியிருந்தவர் அதன் சொந்தக்காரர் அல்லர், வாடகைக்காரர்கூட அல்லர். வேலைக்குப் பெயர் பதிந்திருக்கும்வரை இருக்கலாம். பெயர் வெட்டப்பட்டால் காம்பராவையும் விடவேண்டும். தண்ணீர்ப் பீலி, பிள்ளைக் காம்பரா, வைத்தியம், சவக்காலை யாவும் தோட்டத்துடையவை. ஆகவே பிறப்பிலிருந்து இறப்புவரை அத்தொழிலாளி அண்ணாந்து பார்த்தது துரையின் பங்களாவையேயன்றி அரசாங்கத்தை அன்று. கிராமச் சபைகளுக்கான வாக்குரிமை நாட்டில் விரிவடைந்த 1930களின் இறுதியிலே தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு அது மறுக்கப்பட்டது. ஆயினும் பாராளுமன்ற வாக்கு அப்பொழுது அவர்கள் கையில் இருந்தது. 1947 ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. தலவாக்கலையிலிருந்து சென்றவர் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் பிற்காலத்தில் எழுதிய நாவலொன்றுக்கு "வீடற்றவன்" என்று பெயரிட்டதை மாணவர்கள் கவனிக்கவேண்டும். அடுத்த ஆண்டே, 1948 இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்கும் போயிற்று. வாக்கில்லாதவன் வீட்டைத் தேடி எந்த அரசியல்வாதி வருவான்? 1964 ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பத்தாண்டு கழித்து இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இங்கே நிற்பதா, அங்கே போவதா என்று அறியாத குடும்பத்துக்கு எவரும் வீடு கட்டிக் கொடுக்கப்போவதில்லை. அக்குடும்பமும் கூரையின் ஓட்டையை அடைக்கப் பணம் செலவிடப்போவதில்லை.

இதற்கிடையில், 1972 இல் காணிச் சீர்திருத்தச் சட்டமும், 1975 இல் கம்பனித் தோட்டங்களை அரசுடைமையாக்கிய சட்டமும் வந்தன. அன்றுமுதல் லயத்தின் சொந்தக்காரர் சாட்சாத் அரசாங்கமே! இனியாவது நிலைமை மாறும் என்று எண்ணியவர்களுக்குக் கிடைத்தது வேறு. நுவரெலியா மாவட்டத்துத் தோட்டங்களிலிருந்து 7,000 ஏக்கரை எடுத்து வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் முயற்சி நடந்தது. அதனை எதிர்த்துத் தொழிலாளர் திரண்டபோது, 1977 மே 11 ஆம் திகதி, தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில் பொலிஸாரின் துப்பாக்கிக்கு சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் பலியானார். அவர் கேட்டது அரண்மனையன்று. தாம் பிறந்த மண்ணில் நிற்பதற்கு இடம்.

குடியுரிமைச் சிக்கல் 1988 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் பின்னர் 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தீர்க்கப்பட்டது. வாக்கும் திரும்பியது. ஆனால் சட்டப் புத்தகத்தில் இன்னொரு முள் மறைந்திருந்தது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு, தோட்ட எல்லைக்குள் இருக்கும் குடியிருப்புகளுக்காகச் சபை தன் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. அதாவது, தோட்டத்து மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகக்கூட வரலாம், தம் லயத்துக்குச் செல்லும் பாதையில் ஒரு வண்டி கல்லைக் கொட்டும்படி கேட்கமுடியாது. 1992 இல் தோட்டங்களின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் அது 2045 இல் முடிவடையும் 53 ஆண்டுக் குத்தகையாயிற்று. காணி அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, சபைக்குச் சட்டத் தடை. கூரை ஒழுகுகிறது என்று முறையிடச் சென்றவனை ஒருவர் மற்றவரிடம் அனுப்பிக்கொண்டிருக்க, மழைக்காலம் முடிந்துவிடும். அந்த 33 ஆம் பிரிவு 2018 இலே தான் திருத்தப்பட்டது. அதே ஆண்டில் மலையகப் புதிய கிராமங்களுக்கென ஓர் அதிகாரசபையும் சட்டப்படி நிறுவப்பட்டது. முப்பது ஆண்டுகள் என்பது, லயத்திற் பிறந்த குழந்தை வளர்ந்து, மணஞ்செய்து, அதே லயத்தில் தன் குழந்தைக்குத் தொட்டில் கட்டுவதற்குப் போதிய காலம்.

எங்கள் மாணவர் பலருடைய அண்ணன்மார் கொழும்பிலே கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்கின்றனர். விடுமுறையில் வரும் அவர்கள் மூலம் பிள்ளைகள் ஒரு வேடிக்கையை அறிந்துவைத்திருக்கிறார்கள். தலைநகரிலே ஏழைகள் நெருங்கி வாழும் ஒழுங்கைகளுக்கும் "தோட்டம்" என்றே பெயர். சிங்களத்தில் "வத்த" என்பர். இத்தனையாம் இலக்கத் தோட்டம் என்று அவற்றைச் சுட்டுவது வழக்கம். அங்கேயும் முதுகோடு முதுகு ஒட்டிய வரிசை வீடுகள். அங்கேயும் பொதுக் குழாய். தேயிலைத் தோட்டத்திலிருந்து தப்பிச் சென்றவன் கொழும்புத் தோட்டத்தில் ஒதுங்குகிறான் என்று ஒரு மாணவன் கட்டுரையில் எழுதியிருந்தான். சிவப்பு மையால் ஒன்றும் திருத்தவேண்டியிருக்கவில்லை.

அந்தத் தோட்டங்களை அரசாங்கம் கையாண்ட விதம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. ரணசிங்க பிரேமதாசாவின் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் 1984 இல் ஆரம்பமானபோது, குடிசைகளை இடித்து மக்களை அப்புறப்படுத்துவதை விட்டு, இருந்த இடத்திலேயே நிலத்தை அளந்து கொடுத்துச் சிறு கடனும் வழங்கி, வீட்டை அவர்களே கட்டிக்கொள்ளும் வழி பின்பற்றப்பட்டது. எப்படி அளப்பது, பாதை எங்கே, குழாய் எங்கே என்பவற்றை அங்கு வாழ்ந்தவர்களுடன் உட்கார்ந்து தீர்மானித்தார்கள். துண்டு சிறிதுதான், ஆயினும் பேச்சில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. 2010 இன் பின் காற்று வேறு பக்கம் வீசியது. நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்திற் கொம்பனித் தெருவில், மியூஸ் வீதியிலே வீடுகள் படையினர் சூழ நிற்க இடிக்கப்பட்டன. தொடர்ந்து எழுந்த மாடிக் கட்டடங்களில் நானூறு சதுர அடியளவான வீடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றுக்காகப் பல குடும்பங்களிடம் ஏறக்குறைய பத்து இலட்சம் ரூபா தவணைமுறையிற் கேட்கப்பட்டது. தண்ணீரும் மலசலகூடமும் உள்ள வீடு நல்ல வீடல்லவா என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் தெருவோரத்தில் அப்பம் சுட்டு விற்றவளைப் பத்தாம் மாடியில் ஏற்றிவிட்டு, அவளிடமே மாதத் தவணையும் கேட்டால் அவள் எதை விற்பாள்? வீட்டின் பத்திரத்துக்கு எத்தனை ஆண்டு காத்திருப்பாள்?

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலைநாட்டிலும் மாடி லயம் கட்டலாம் என்ற யோசனை எழுந்து, சில இடங்களிற் கட்டியும் பார்த்தார்கள். மக்கள் விரும்பவில்லை. "ஒண்ணுக்கு மேலே ஒண்ணா அடுக்கினாலும் லயம் லயந்தானே" என்றார் ஒரு முதியவர். படித்த பலருக்கு இது பிடிவாதமாகத் தோன்றியது. தேயிலை நிலம் அருமையானது, குறைந்த நிலத்தில் அதிக வீடு என்று அவர்கள் கணக்குச் சொன்னார்கள். மாணவர்களே, அந்தக் கணக்கை நாமும் போட்டுப் பார்ப்போம். ஓர் ஏக்கரில் 160 பேர்ச். வீடொன்றுக்கு 7 பேர்ச் என்றால், பாதைக்கு ஒதுக்கும் நிலத்தை விட்டு நோக்குகையில், ஏக்கருக்கு 22 வீடு. இந்திய அரசாங்கத்தின் உதவியாக மலைநாட்டுக்கு முதலில் உறுதியளிக்கப்பட்டவை 4,000 வீடுகள். 2017 மே 12 ஆம் திகதி நோர்வூட் மைதானத்தில் இந்தியப் பிரதமர் மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். ஆக 14,000 வீட்டுக்கும் வேண்டிய நிலம் 612 ஏக்கர் சொச்சம். ஒரு பெரிய தோட்டத்தின் பரப்பளவு அது. டெவனில் உயிரைக் கொண்ட அந்த 7,000 ஏக்கரை ஏழு பேர்ச்சாக அளந்தாலோ, 160,000 துண்டுகள் வரும்! அன்று வெளியாருக்கு அளந்து கொடுக்க இருந்த நிலம், உள்ளே இருந்தவனுக்கு என்றதும் எப்படி அருமையாயிற்று என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அரசாங்கத்துக்கு நிலம் அவசரமாகத் தேவைப்பட்டபோது வேலை விரைவாக நடந்ததையும் நாம் கண்டோம். 2012 இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்காகத் தலவாக்கலையில் ஆற்றோரத்து லயங்களும் வீடுகளும் கடைகளும் அகற்றப்பட்டன. நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு மேட்டுநிலத்தில் தனி வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. 150 மெகாவாட் மின்சாரம் வேண்டியிருந்தது. எனவே இடம் கிடைத்தது, பணம் கிடைத்தது, பாதையும் கிடைத்தது. மீரியபெத்தையில் அப்படியன்று. கொஸ்லந்தைக்கு அருகேயுள்ள அத்தோட்டத்து லயங்கள் ஆபத்தான சரிவில் நிற்கின்றன என்ற எச்சரிக்கை முன்னரே விடுக்கப்பட்டிருந்தது. எழுந்து போகலாம், எங்கே போவது? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. மண்ணுக்குள் போன பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. தப்பியவர்களுட் பலர் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் காத்திருந்த பின்னரே பூனாகலைப் பகுதியில் வீடு பெற்றனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது மலைநாடெங்கும் மண் சரிந்தது. அவ்விரவுகளில் மழையின் ஓசையைக் கேட்டுக்கொண்டு விழித்திருந்த லயத்து மக்கள் மீரியபெத்தையை நினையாதிருந்திருக்க முடியாது.

2015 இன் பின் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் உறுதியும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. இதற்கு முன்னும் வீடமைப்பு இல்லாமலில்லை. 1990களிலிருந்து கடன் கொடுத்துச் சம்பளத்திற் கழித்து எத்தனையோ வீடுகள் கட்டப்பட்டன. கடனைத் தீர்த்தவர்களிற் பலருக்கு உறுதி மட்டும் வரவில்லை. அதனாலேதான் ஏழு பேர்ச் என்றவுடன் மக்கள் முதலிற் கேட்டது, "பத்திரம் கையிலே கிடைக்குமா?" என்பது. இந்திய அரசாங்கத்தின் அந்தப் பத்தாயிரம் வீடுகளுக்கு அடிக்கல் நாட்டும் வைபவம் 2024 இன் தொடக்கத்திலே தான் நடந்தது. அறிவித்து ஏழாண்டுகள் ஆகிவிட்டன.

அண்மையில் என் மாணவி ஒருத்தியின் குடும்பம் குடிபெயர்ந்த புதிய கிராமமொன்றுக்குச் சென்றிருந்தேன். பழைய லயத்திலிருந்து அரைமணி நேர ஏற்றம். 550 சதுர அடியில் இரண்டு அறை, கூடம், சமையலறை, மலசலகூடம். வாசலில் நின்ற பாட்டி, "வாங்க சேர், உள்ளே வாங்க. இது நம்ம வீடு" என்றார். "நம்ம" என்ற சொல்லை அவர் சற்று அழுத்திச் சொன்னதாக எனக்குப் பட்டது. சாமிப் படத்தின் பின்னாலிருந்து ஒரு பொலித்தீன் உறையை எடுத்து வந்து, கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, அதனுள்ளிருந்த பத்திரத்தைக் காட்டினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. தம் பெயர் எங்கே இருக்கிறதென்பதை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். ஐம்பது ஆண்டு கொழுந்து கிள்ளியதிற் கறை படிந்து வெடித்திருந்த அந்த விரல் காகிதத்தில் முட்டாமலே அதன்மேல் நின்றது.

தேநீர் வந்தது. பேச்சும் வந்தது. குறைகளை அவர்கள் மறைக்கவில்லை. தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள். மழை பெய்தால் முச்சக்கர வண்டி மேலேறாது. கடைக்கும் கோயிலுக்கும் பழைய லயப் பக்கமே இறங்கவேண்டும். "அங்கே சண்டையோ சச்சரவோ, கூப்பிட்ட கொரலுக்கு ஆளு வரும் சேர். இங்கே கதவைச் சாத்திட்டா யாரு செத்தது யாரு இருக்குறதுன்னு தெரியலே" என்றார் மருமகள். பாட்டி அதை ஒத்துக்கொள்ளவில்லை. "கதவைச் சாத்துறதுக்குத்தானே வீடு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இருவர் கூற்றிலும் நியாயம் இருந்தது.

எனக்கு ஒரு குறை பெரிதாகத் தோன்றியது. இடத்தை எவர் தெரிந்தார்கள் என்று விசாரித்தேன். தோட்டம் கொடுத்த நிலம், அதிகாரிகள் வந்து மண்ணைச் சோதித்தார்கள், சீட்டுக் குலுக்கி வீட்டைப் பிரித்தார்கள், அவ்வளவுதான். மண்ணைச் சோதிப்பது மிகவும் வேண்டியதே. ஆனால் பாதை எப்பக்கம் வரவேண்டும், எவருக்குப் பக்கத்தில் எவர் இருக்கவேண்டும், ஒரு கடைக்கோ பிள்ளைகள் படிக்கும் சிறு மண்டபத்துக்கோ இடம் விடலாமா என்று ஒருவரும் அவர்களிடம் கேட்கவில்லை. கொழும்பில் 1984 இலே குடிசைவாசியோடு உட்கார்ந்து பேச முடிந்த அரசாங்கத்துக்கு, மலைமேல் வந்ததும் வாய் மூடிவிடுகிறது. கொடுப்பவர் தருமம் செய்வதுபோலவும், பெறுபவர் கைகட்டி நிற்பதுபோலவும் வைபவப் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. அப்படங்களைப் பார்க்கும்போதெல்லாம் பழைய துரையின் பிரட்டுக் களம் நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. அக்குடும்பம் காலிசெய்த லயக் காம்பரா இடிக்கப்படவில்லை. மணமான இரண்டாவது மகன் அதிற் குடியேறிவிட்டான். ஏழு பேர்ச் அவனுக்குப் போதாது. அவனுக்கென்று தனியே பெயர் எழுத எந்தப் பட்டியலிலும் இடமில்லை, ஏனெனில் அவன் தோட்டத்தில் வேலை செய்யவில்லை. அட்டனில் ஒரு புடைவைக் கடையில் நிற்கிறான். வேலைக்கும் வீட்டுக்கும் இட்ட அந்தப் பழைய முடிச்சு இன்னும் முற்றாக அவிழவில்லை.

இந்த முடிச்சின் வலிமை எவ்வளவு என்பதைக் கடல் கடந்தும் காணலாம். ஒப்பந்தத்தின்படி இந்தியா சென்றோரில் ஒரு பகுதியினர் நீலகிரியிலே தமிழ்நாட்டு அரசாங்கத்தின் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டனர். அங்கும் அவர்களுக்குக் கிடைத்தது தோட்டத்துக் குடியிருப்பே. ஓய்வு பெற்றதும் வீட்டை விடவேண்டும் என்ற கவலையும் கூடவே கிடைத்தது. திருநெல்வேலிச் சீமையில் மாஞ்சோலைத் தோட்டத்தார் கதை இன்னும் அண்மையது. அங்கே 99 ஆண்டுக் குத்தகை 2028 இல் முடிகிறது. அதற்கு முன்பே, 2024 இல், நான்கு தலைமுறையாக வாழ்ந்த தொழிலாளரை விருப்ப ஓய்வு பெற்று மலையிறங்கும்படி கம்பனி கேட்டுக்கொண்டது. குத்தகை முடிந்தால் நிலம் அரசாங்கத்துக்குத் திரும்பும். மனிதர் எங்கே திரும்புவது? நம் தோட்டக் குத்தகைகள் முடிவடையும் 2045 இல் இன்று என் வகுப்பிலிருக்கும் பிள்ளைகளுக்கு முப்பத்தைந்து வயதுகூட நிறைந்திரா.

அந்த வீட்டிலிருந்து புறப்படுமுன் மாணவியிடம், "உன் புதிய விலாசம் என்ன?" என்று கேட்டேன். வீட்டிலக்கத்தையும், இன்னும் பலர் வாயில் நுழையாத அக்கிராமத்தின் பெயரையும் அவள் தடையின்றிச் சொன்னாள். குறித்துக்கொண்டேன். மறுநாட் காலை, ஒரு சோதனையாக, பரீட்சைப் பாடத்திட்டத்தின் பிரதியொன்றை உறையிலிட்டு, தோட்டத்தின் பெயரை எங்கும் எழுதாமல், வீட்டிலக்கமும் கிராமப் பெயரும் மட்டும் எழுதித் தபாற்பெட்டியிற் போட்டேன்.

எட்டாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவள் உறையைக் கொண்டுவந்து காட்டினாள். வந்துசேர்ந்திருந்தது. நான் எழுதிய விலாசத்தின் குறுக்கே எவரோ நீலப் பென்சிலால் ஒரு கோடு கீறி, பக்கத்திலே பழைய தோட்டத்தின் பெயரையும் டிவிசனையும் எழுதியிருந்தார்கள். காரியாலயத்துக்குப் போய், அங்கிருந்து பழைய லயத்திலிருக்கும் சின்னண்ணன் கைக்குப் போய், அவன் ஞாயிற்றுக்கிழமை மேலேறி வந்தபோது கொண்டுவந்தானாம்.

"திரும்ப ஒண்ணு போடுங்க சேர்" என்றாள். "நான் தபால் கந்தோருக்குப் போயி எங்க வீட்டு நம்பரைச் சொல்லிட்டு வந்திருக்கேன்."